கடன்பட்டவர் யார்?

அண்மையில் எமது பகுதிப் பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழாவிற் பிரதம விருந்தினராக வந்த பெரியவர் ஒருவர், நாட்டை விட்டுச் செல்லும் வைத்தியர்களையும் தாதியரையும் பற்றி அரைமணி நேரம் முழங்கினார். "ஏழை நாட்டின் உப்பைத் தின்று வளர்ந்து, பணக்கார நாட்டுக்கு உழைக்கப் போகிறவர்கள்" என்றார். செய்ந்நன்றி பற்றிக் கூற வள்ளுவரையும் துணைக்கழைத்தார். மண்டபம் கைதட்டியது. முன்வரிசைப் பெற்றோரும் கைதட்டினர். அவர்களுட் பலர் தத்தம் பிள்ளைகளை ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்பிற் கொண்டுபோய் விட்டுவிட்டே விழாவுக்கு வந்திருந்தனர். பேச்சாளருடைய மக்கள் இருவரும் அவுஸ்திரேலியாவில் வாழ்கின்றனர்.

இதனை அவரைப் பழிக்கும் நோக்கோடு நான் எழுதவில்லை. ஒரு சமுதாயம் ஒரு காரியத்தைத் தானே செய்துகொண்டு, அதனைக் கண்டிப்பவருக்குக் கைதட்டவும் செய்கிறதென்றால், அந்நோயின் வேரைத் தனிமனிதரின் குணத்திலே தேடிப் பயனில்லை. அதனை வேறிடத்திலே தேடவேண்டும்.

சுகாதார ஊழியரின் வெளியேற்றம் பற்றி இன்று இருவகை விளக்கங்கள் வழங்குகின்றன. ஒன்று, அப்பெரியவர் கூறியது: பேராசை, நன்றியின்மை. மற்றது, கொழும்பின் பொருளியல் வல்லுநர்களும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர்களும் கூறுவது: திறமைசாலி எங்கும் செல்லலாம், அவன் அனுப்பும் அந்நியச் செலாவணி நாட்டுக்கு நன்மை. முன்னது ஊழியனைக் குற்றவாளியாக்குகிறது. பின்னது அவனை ஏற்றுமதிப் பண்டமாக்குகிறது. ஒன்றுக்கொன்று பகைபோலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரு விடயத்தில் மாத்திரம் உடன்படுகின்றன. இந்தக் கொள்ளையில் யார் இலாபமடைகிறார், யார் விலை கொடுக்கிறார் என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை.

அக்கேள்விக்கு வருமுன் ஒரு சம்பவம்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி. கூலித் தொழிலாளியின் மகள். உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்று, அரசினர் தாதியர் கல்லூரியில் மூன்றாண்டு பயின்று, பின்தங்கிய பிரதேசத்து வைத்தியசாலையொன்றிற் கடமையேற்றாள். 2023 இல் ஒருநாள் மாலை, ஒரு சரைக் கற்கண்டோடு விடைபெற வந்தாள். இங்கிலாந்துக்குப் போகிறாளாம். "ஏன் பிள்ளை?" என்று கேட்டேன். சம்பளத்தைப் பற்றி அவள் முதலிற் பேசவில்லை.

"ராத்திரி வாட்டிலை நாப்பது நோயாளர், சேர். நாங்கள் ரெண்டு பேர். மருந்து இல்லை, வெளியிலை வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு துண்டு எழுதிக் குடுக்கிறதும் நான்தான், அதுக்கு ஏச்சு வாங்கிறதும் நான்தான். ஒருநாள் ஒரு ஆச்சி தன்ரை தோட்டைக் கழட்டி என்ரை கையிலை வைச்சா. 'இதை வித்துப்போட்டு மருந்தை ஏத்து பிள்ளை' எண்டா. அண்டைக்குத்தான் சேர் நான் போமை நிரப்பினது."

"போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது?

அந்த ஆச்சியின் தோடு ஒரு தனி அனுபவமன்று. 2022 ஏப்ரிலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. செப்டம்பரிற் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாயிற்று. ஊழியனுடைய சம்பளத் தாளில் இலக்கம் மாறவில்லை. அதனைக்கொண்டு வாங்கக்கூடிய அரிசி மாத்திரம் சுருங்கிற்று. மருந்துத் தட்டுப்பாட்டினாற் பேராதனை போதனா வைத்தியசாலையே மார்ச் இறுதியில் முன்குறித்த அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. பேராதனையின் நிலை இதுவாயின், குக்கிராமத்து வைத்தியசாலையின் நிலையை விவரிக்க வேண்டுவதில்லை.

2023 ஜனவரியில் மாதம் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்தின்மீது 6 முதல் 36 சதவீதம் வரை வரி விதிக்கப்பட்டது. அவ்வெல்லை 2025 ஏப்ரிலில் ஒன்றரை இலட்சமாக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆயின் இடைப்பட்ட காலத்திற் சென்றவர் சென்றுவிட்டனர். 2022க்குப் பின் இரண்டாண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியர்கள் இத்தீவை நீங்கினர். விசேட வைத்திய நிபுணராவதற்கு வெளிநாட்டிற் பயிற்சிபெறச் சென்றவர்களுள் ஒரு பகுதியினர் திரும்பவேயில்லை. சிறு நகரங்களில் உணர்விழப்பு மருத்துவரின்றி அறுவைச் சிகிச்சைக்கூடம் பூட்டிக் கிடப்பதையும், இருந்த ஒரே குழந்தை நல நிபுணரும் போனபின் தாய்மார் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் பேருந்தேறுவதையும் நாம் கண்கூடாகக் கண்டோம்.

இவர்களைத் துரோகிகளென்று சாடும் அரசியல்வாதிகளுக்கு ஒன்றை நினைவூட்டவேண்டும். அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம், அவர்தம் பதவி மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படமாட்டா என்று 2022 ஜூனிற் சுற்றறிக்கை வெளியிட்டது யார்? அரசாங்கமே அன்றோ! வாசற்கதவை அகலத் திறந்து, வழியனுப்பும் கடிதத்தையும் கையிற் கொடுத்துவிட்டு, படலையடியில் நின்று "ஐயோ, போகிறார்களே" என்று ஒப்பாரி வைப்பது எவ்வகை நாடகம்?

இதுவரை கூறியவை உள்ளிருந்து தள்ளும் காரணங்கள். வெளியிலிருந்து இழுக்கும் கை ஒன்றும் உண்டு. அதன் வரலாறு நீண்டது.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 இல் ஆரம்பிக்கப்பட்டது. நோயாளியின் பணப்பையைப் பாராது மருத்துவம் செய்யும் அவ்வமைப்பு அந்நாட்டுத் தொழிலாளி வர்க்கத்தின் பெருவெற்றி. அதனை நாம் மதிக்கிறோம். ஆயின் அதன் வைத்தியசாலைகளை நடத்தப் போதிய வைத்தியரையும் தாதியரையும் அந்நாடு தன் செலவிலே பயிற்றவில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆட்கள் சென்றனர். கொடி இறங்கிய பின்னரும் குடியேற்ற நாட்டுச் சுரண்டல் வேறொரு வாயிலால் நடந்தேறிற்று. இனொக் பவல் என்பார் 1960 முதல் 1963 வரை அந்நாட்டுச் சுகாதார அமைச்சர். அக்காலத்தில் அவருடைய வைத்தியசாலைகளின் இரவுக் கடமைகளைத் தாங்கியவர்களுள் இம்மக்கள் பெருந்தொகையினர். அதே பவல்தான் 1968 ஏப்ரிலிற் பர்மிங்ஹாம் நகரில் நின்று, குடியேறி வந்தோருக்கெதிராக நஞ்சு கக்கினார். அவர்தம் உழைப்பு வேண்டும், அவர் மாத்திரம் வேண்டாம்!

இது பழங்கதையென எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் தாதி மாணவருக்கு வழங்கப்பட்டுவந்த அரசு உதவிப்பணம் 2017 இல் நிறுத்தப்பட்டது. கடன்பட்டுப் படிக்கும்படி சொந்த நாட்டு ஏழைப் பெண்ணிடம் கூறிவிட்டு, பிறநாட்டு ஏழைகள் தம் செலவிற் பயிற்றிய பெண்ணை அழைப்பது மலிவென்று கண்டுகொண்டார்கள். 2022 இற் பிரித்தானியாவிற் புதிதாகப் பதிவான வைத்தியருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் வெளிநாடுகளிற் பயின்றவர். அவ்வாண்டு டிசம்பரில், நூறாண்டுக்கு மேற்பட்ட தமது சங்க வரலாற்றில் முதன்முறையாக, அந்நாட்டுத் தாதியர் ஊதியங் கோரி நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எமது பெண் அங்கே போய் நிற்பதும் போதிய ஊதியமற்ற தொழிலாளரின் வரிசையிலேதான். அங்குள்ள தாதி அவளுக்குப் பகையல்லள். இருவரையும் மலிவாக வாங்குகின்ற கை ஒன்றே.

தேவை தீர்ந்தபின் அக்கை என்ன செய்யும் என்பதையும் பார்த்தாயிற்று. முதியோர் பராமரிப்புக்கென ஆயிரக்கணக்கானோரைக் கடல்கடந்து வரவழைத்த அதே நாடு, 2025 ஜூலையில் அப்பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆட்சேர்க்கும் வழியை மூடிவிட்டது. முகவரிடம் இலட்சக்கணக்கிற் கட்டிய குடும்பங்களின் கதி என்ன என்று எந்த அமைச்சரும் கேட்டதில்லை.

இனி, கணக்கைப் பார்ப்போம்.

ஒரு வைத்தியரோ தாதியோ வானத்திலிருந்து குதிப்பவரல்லர். தாய் வயிற்றிலிருக்கும்போதே குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து பார்க்கிறார். தடுப்பூசி அரசினது. 1945 முதல் கன்னங்கராவின் சீர்திருத்தத்தால் வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை. பாடநூல் இலவசம், சீருடைத் துணி இலவசம். மருத்துவபீடத்தில் ஐந்தாண்டு, உள்ளகப் பயிற்சி ஓராண்டு. இவ்வாறு கால் நூற்றாண்டு காலம் ஒரு சமுதாயம் முதலிட்டு உருவாக்கிய மனிதர், உழைக்கத் தொடங்கும் வயதிற் பணக்கார நாடொன்றின் வாசலில் முழுமையாகச் சென்று இறங்குகிறார். அந்நாடு அவரது பாற்சோற்றுக்கும் செலவிடவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் செலவிடவில்லை. எமது தேயிலைக்கேனும் கொழும்பு ஏலத்தில் ஒரு விலை கிடைக்கிறது. இம்மனிதருக்காக இந்நாட்டின் பொது நிதிக்கு ஒரு சதமும் கிடைப்பதில்லை.

அம்முதலை இட்டவர் யார்? "அரசாங்கம்" என்பது போதிய விடையாகாது. இந்நாட்டின் வரி வருமானத்திற் பெரும்பகுதி மறைமுக வரி. 2024 ஜனவரியிற் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தபோது, பண்டத்தோடு பண்டமாக அதனைச் செலுத்தியவர்கள் மீனவரும் கமக்காரரும் தோட்டத் தொழிலாளருமே. நுவரெலியாவின் மலைச்சரிவிலே கொழுந்து பறிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். 1948 இல் அவளது பாட்டனின் குடியுரிமை பறிக்கப்பட்டது. அவள் பறித்த கொழுந்து டொலரைக் கொணர்ந்தது. அந்த டொலர் பல்கலைக்கழகங்களைக் கட்டியது. ஆயினும் அவளது லயத்துக்கு அருகே பட்டம் பெற்ற வைத்தியர் ஒருவர் அரிதினும் அரிது. தோட்டத்து மருந்தகத்தில் மருத்துவ உதவியாளர் கொடுக்கும் குளிசையோடு அவளது மருத்துவம் முடிகிறது. தான் ஒருநாளும் காணாத வைத்தியரின் படிப்புக்குக் காசு கொடுத்தவள் அவள். அந்த வைத்தியரை இன்று பெற்றுக்கொண்டிருப்பது லண்டன்.

கடன்பட்டவர் யார் என்று இப்போது கேட்கிறேன். இலங்கை உலகுக்குக் கடன்பட்ட நாடென்று சர்வதேச நாணய நிதியத்தின் அதிகாரிகள் வந்து எமக்குக் கணக்குப் படிப்பிக்கிறார்கள். எமது பிள்ளைகளின் உருவில் நாம் கொடுத்த கடனை எந்தப் பேரேட்டில் எழுதியிருக்கிறார்கள்?

"அவர்கள் பணம் அனுப்புகிறார்களே" என்பர். அனுப்புகிறார்கள். அது அவர்தம் வீட்டுக்கு வருகிறது. வீட்டின் கூரை மாறுகிறது. தங்கையின் கலியாணம் நடக்கிறது. அவ்வீட்டாருக்கு அது தேவையானது, நியாயமானது. ஆனால் வெறுமையான வாட்டில் இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் நோயாளிக்கு அந்தப் பணம் ஒட்சிசன் பூட்டாது.

"அப்படியானாற் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டும்" என்பர் சிலர். இது புதிய யோசனையன்று. பட்டதாரிகளைக் கட்டாய அரச சேவைக்கு உட்படுத்தும் சட்டம் 1961 இலேயே இயற்றப்பட்டது. கட்டாயம் நோயை ஆற்றியதில்லை என்பதற்குப் பின்வந்த பதிற்றாண்டுகளே சாட்சி. மேலும், 1956 இன் மொழிச் சட்டமும், எழுபதுகளின் தரப்படுத்தலும், 1983 ஜூலையும், தொடர்ந்த யுத்தமும் எத்தனை தமிழ் வைத்தியர்களைத் துரத்தின என்பதை நாம் அறிவோம். உயிருக்கு அஞ்சி ஓடியவனையும் சட்டத்தாற் பிணைத்திருக்க வேண்டுமா? மனிதனைக் கட்டிவைப்பது முற்போக்காளரின் வழியாகாது. அவன் நிற்கத்தக்க நிலத்தை ஆக்குவதே எமது வழி.

"தியாகம் வேண்டும்" என்பர் வேறு சிலர். தியாகம் இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. 1934-35 ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமந்தோறும் மருந்தும் பருப்பும் சுமந்தனர்; அவர்களுள் ஒருவரான டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க பின்னர் இந்நாட்டுப் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடியானார். 2009 இன் தொடக்க மாதங்களில் வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளில், ஷெல் விழவிழ, கையிற் கிடைத்ததைக்கொண்டு அறுவை செய்த வைத்தியரும் தாதியரும் எம் காலத்தவரே. அவர்களை வணங்குகிறோம். ஆயினும், தியாகிகள் கிடைத்தால் மாத்திரம் இயங்கும் வைத்தியசாலை ஒரு நிறுவனமாகாது. நாட்டின் மலேரியாவைத் துடைத்து 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றுத் தந்ததும், 1940களின் நடுப்பகுதியில் இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கு மேலிருந்த தாய் மரணத்தை முப்பதை ஒட்டிய அளவுக்கு இறக்கியதும், மாதச் சம்பளத்துக்கு ஒழுங்காக வேலை செய்த சாதாரண ஊழியரின் சாதனைகள். சம்பளமும் ஒழுங்கும் குலைந்தால் அச்சாதனையும் குலையும்.

இனி எம்மையும் நாம் நோக்கவேண்டும். சுகாதாரத் துறைக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 2024 ஜனவரியில் வைத்தியருக்கான விசேட கொடுப்பனவு 35,000 இலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, தமக்கும் அது வேண்டுமென்று ஏனைய ஊழியர்கள் தனியாக வேலைநிறுத்தஞ் செய்தனர். இரு சாராரும் ஒரே நோயாளியைச் சுற்றி நிற்பவர்கள். ஆளுக்கொரு கோடியிற் கயிற்றை இழுத்தால் ஆளுவோருக்குக் கொண்டாட்டமே. 2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. அதனை வரவேற்கலாம். ஆனால் அதே கையால் மேலதிக நேரக் கொடுப்பனவின் கணக்கைக் குறைத்ததை எதிர்த்து, மார்ச் மாதத்தில் வைத்தியரும் தாதியரும் வீதிக்கு வரவேண்டியதாயிற்று.

வடக்கில் வாழும் எமக்கு இன்னுமொரு பழைய பாடம் உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் நாடி வெளியே போக, கிராமங்கள் வெறுமையாகவே கிடந்ததைக் கண்ட அவர், 1860களில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றத் தொடங்கினார். அதற்கென நூல்களைத் தமிழில் ஆக்கினார். 'இரண வைத்தியம்' அவற்றுள் ஒன்று. மொழியை மாற்றினாற் போதும் என்று நான் கூறவரவில்லை. படிப்பு யாருக்காக என்ற கேள்வியை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு வேற்றுநாட்டார் எம் மண்ணில் நின்று கேட்டார் என்பதையே சுட்டுகிறேன். நாம் அதனைக் கேட்பதில்லை. "டொக்டராகு" என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். அச்சொல்லுக்கு எம் வீடுகளிற் பொருள் காணியும் சீதனமும் வெளிநாடும். நானும் வகுப்பறையிற் புள்ளிகளை எண்ணியிருக்கிறேனேயன்றி, அப்புள்ளிகளுக்குப் பணம் கட்டியவர் யாரென்று மாணவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. இது என் குற்றம். என்னைப்போன்ற ஆசிரியர் பலரின் குற்றமுங்கூட.

ஆகவே என்ன செய்வது? உபதேசத்தை விட்டுக் கோரிக்கைக்கு வருவோம்.

முதலாவது, பெறும் நாடு விலை கொடுக்கவேண்டும். சுகாதார ஊழியரைச் சர்வதேச ரீதியில் ஆட்சேர்ப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010 இல் ஒரு நெறிக்கோவையை ஏற்றுக்கொண்டது. நேபாளம், வங்காளதேசம், கானா, நைஜீரியா உட்பட 55 நாடுகளைப் பாதுகாக்கப்படவேண்டியனவென 2023 இற் பட்டியலிட்டது. ஆனால் அந்நெறிக்கோவை விரும்பினாற் பின்பற்றலாம் என்ற அளவினதே. பசித்த புலிக்கு எழுதிய வேண்டுகோள் அது. ஊழியரின் சம்பளத்திற் கைவையாது, பெறும் அரசே பயிற்றிய நாட்டின் பொதுச் சுகாதார நிதிக்கு நேரே செலுத்தும் கட்டாய உடன்படிக்கை வேண்டும். இதனை நாம் தனித்துக் கேட்டாற் கிடையாது. அப்பட்டியலில் உள்ள நாடுகளோடு சேர்ந்து கேட்கவேண்டும்.

இரண்டாவது, சம்பள உயர்வு சிற்றூழியரிலும் தாதியிலும் தொடங்கி மேலேறவேண்டும். கஷ்டப் பிரதேசத்து வைத்தியசாலைகளில் விடுதியும் பிள்ளைப் பராமரிப்பு நிலையமும் வேண்டும். இடமாற்றம் அரசியல்வாதியின் தொலைபேசியின்றி நடைபெறவேண்டும். வெளிநாடு சென்றவர் திரும்பி வரின், மரியாதையோடு இடம் வேண்டும்.

மூன்றாவது, மருந்துக் கொள்வனவு மக்களின் கண்முன் நடக்கவேண்டும். தரமற்ற மருந்துக் கொள்வனவு தொடர்பில், முன்னாட் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியிற் கைதுசெய்யப்படும் நிலை வந்த நாடு இது. கொழும்பில் நடக்கும் கொள்வனவின் குற்றத்துக்கு வாட்டிலே நிற்கும் தாதி ஏன் ஏச்சு வாங்கவேண்டும்?

நான்காவது, தோட்ட வைத்தியசாலைகள் யாவும் தேசிய சுகாதார சேவையிற் சேர்க்கப்படவேண்டும். முதலிட்டவளுக்கு முதலில் வைத்தியம்!

கடன்காரருக்குக் கொடுத்தது போக எஞ்சியதிலே நோயாளிக்கு மருந்து என்னும் வரிசை மாறாதவரை, இவற்றுள் எதுவும் நிலைக்காது. வரிசையை மாற்றுவது வைத்தியரின் தொழிலன்று, அரசியலின் தொழில், ஆகவே எம் எல்லோரதும் தொழில்.

என் மாணவி இப்போது இங்கிலாந்தின் வடபகுதி நகரொன்றில் இரவுக் கடமை செய்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். "இஞ்சை மருந்து இருக்கு, சேர். ஆள்தான் காணாது" என்றாள். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்த ஆச்சி என்ன ஆனாவோ தெரியாது" என்றாள்.

நண்பர்களே, நாட்டை மறந்தவள் பேசும் பேச்சா இது? அவளைத் துரோகியென்று மேடையில் ஏசுவது எளிது. அந்த ஆச்சியின் தோட்டை அவள் காதிலேயே இருக்கவிடும் ஒரு வைத்தியசாலையை ஆக்குவதே கடினம். எளியதைச் செய்து கைதட்டு வாங்குவோர் வாங்கட்டும். கடினமானதைச் செய்ய ஆசிரியரும் மாணவரும், தாதியரும் தோட்டத் தொழிலாளரும் ஓரணியில் நிற்கும் நாளிலேதான், போனவள் திரும்பி வருவதற்கு ஒரு நாடு இருக்கும்.